கரட்டில் விழுந்த விமானமும் இரண்டு மூக்குகளும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு காலை, ரசத்துக்குப் பெருங்காயம் தேடி அலமாரியின் மேல்தட்டில் கைவிட்டபோது ஓர் ஊறுகாய் பாட்டில் நிறையப் பற்கள் கிடைத்தன. மனிதப் பற்கள். கடைவாய்ப் பல், முன்பல், சொத்தைப் பல் என்று எல்லா வகையும் இருந்தது. நான் போட்ட கூச்சலில் என் கணவர் தோட்டத்திலிருந்து ஓடி வந்தார். பாட்டில் உடைந்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்டார். எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

அவர் ராணுவத்தில் நாய்களைப் பழக்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். அன்னூருக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. வந்த மனிதர் ஊரில் எல்லாரையும் போல மஞ்சளோ வாழையோ வைப்பார் என்று நினைத்தேன். அவர் இரண்டு லாப்ரடார் நாய்களை வைத்தார். தாய் கறுப்பு, மகள் வெளிர் மஞ்சள். மலைச்சரிவில் மண்ணுக்குள் புதைந்துபோனவர்களை மோப்பம் பிடித்துக் காட்டும் வேலைக்கு இரண்டையும் பழக்கினார். அதற்கு மனித உடம்பின் வாசனை வேண்டும். கோயமுத்தூரில் ஒரு பல் டாக்டரிடம் போய், பிடுங்கி எறியும் பற்களைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். எதற்கு என்று டாக்டர் கேட்டதற்கு, "நாயிக்குங்க" என்றாராம். டாக்டர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லையாம். நானாக இருந்தால் போலீசைக் கூப்பிட்டிருப்பேன்.

பற்களைத் தோட்டத்தில் ஆழமாகப் புதைத்து வைப்பார். மழை பெய்து, புல் முளைத்து, எங்கே புதைத்தோம் என்பது அவருக்கே மறந்துபோன பிறகு நாயை அவிழ்த்து விடுவார். நாய் முகர்ந்துகொண்டே போய்ச் சரியான இடத்தில் குந்தி உட்கார்ந்துகொள்ளும். குரைக்காது, தோண்டாது. உட்கார்ந்தால் அங்கே இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாய் உட்கார்ந்தால் போதாது என்பது அவர் கட்சி. இன்னொரு நாயை இன்னொரு ஆள் தனியாகக் கூட்டிப் போக வேண்டும். முதல் நாய் எங்கே உட்கார்ந்தது என்பது அந்த ஆளுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் நம் மனசில் இருப்பது கயிறு வழியாக நாய்க்குப் போய்விடுமாம். இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால்தான் கணக்கு. அந்த இன்னொரு ஆள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தோசை சுட்டுக்கொண்டிருந்தவளை இழுத்து மகள் நாயின் கயிற்றைக் கையில் கொடுத்தார். எதுவும் தெரியாத ஆள் வேண்டும் என்றால் நான்தான் பொருத்தம் என்றார். அதற்கு அன்று ராத்திரி அவருக்குத் தோசை கிடைக்கவில்லை.

இப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெரியம்மா வந்தார்.

டவுன் பஸ்ஸில் இறங்கி, வெயிலில் நடந்து, நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். எழுபதை எட்டிக்கொண்டிருந்த உடம்பு. நெற்றியில் காலணா அகலத்துக்குக் குங்குமம், கழுத்தில் தாலிக்கொடி. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, செத்தவங்களக் கண்டுபுடிக்கற நாயி இந்த ஊட்டுலீங்களா?" என்றார்.

அவருடைய கதை இது. இரண்டாவது உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர்கள் கோயமுத்தூருக்குக் கிழக்கே ஒரு விமான ஓடுதளம் வைத்திருந்தார்கள். அவர் கணவருக்கு அங்கே ஃபிட்டர் வேலை. எந்த ஃபிட்டர் ரிப்பேர் பார்த்தானோ அவனையும் ஏற்றிக்கொண்டுதான் விமானி சோதித்துப் பார்க்கக் கிளம்புவாராம். திருகாணியைச் சரியாக முடுக்குவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. அப்படி ஒரு நாள் காலையில் கிளம்பிய சின்ன விமானம் திரும்பி வரவில்லை. மேகம் மேற்கே கட்டியிருந்ததால் மேற்கு மலைகளில் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதிகாரிகள் எழுதி வைத்த காகிதத்தில் விமானி ஒருவர் மட்டும் போனதாக இருந்தது. ஃபிட்டரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஃபிட்டர் வீட்டுக்கும் வரவில்லை.

ஊர் கணக்குப் போட்டது. விமானத்தில் ஏறவில்லை, வீட்டுக்கும் வரவில்லை என்றால் ஓடிப்போய்விட்டான். கொழும்பில் இருக்கிறான், வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்றெல்லாம் பார்த்த மாதிரியே சொன்னார்கள். இதில் முன்னால் நின்றவர் பெரியம்மாவின் சொந்தத் தம்பி. அன்றைக்குக் காலையில் மச்சான் வேலைக்குப் போனது தம்பியின் புது சைக்கிளில். சைக்கிளும் திரும்பவில்லை. ஓடுதளத்து வாசலில் நிறுத்தியதை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம் என்று தம்பிக்கு ஐம்பது வருஷமாகத் தோன்றவே இல்லை. "சாவப்போறவன் எதுக்குங்க சைக்கிளக் கேக்கறான்?" என்பதுதான் அவர் வாதம். சாகப்போவது தெரிந்தா ஒருவன் சைக்கிள் கேட்பான்? எனக்குக் கேட்கும்போதே பற்றிக்கொண்டு வந்தது.

பெரியம்மா சும்மா இருக்கவில்லை. விமானம் விழுந்திருந்தால் தகரம் எங்காவது வெளியே வரும் என்பது அவர் எண்ணம். கோயமுத்தூர் போகும்போதெல்லாம் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் ஏறி, விமானத் தகடு வந்தால் சொல்லியனுப்புங்கள் என்று கேட்டு வைத்திருக்கிறார். கடைக்காரர்கள் மாறினார்கள், இவர் கேட்பது மாறவில்லை. கடைசியில் ஒரு கடை பாய் ஆளனுப்பினார். நெருக்கமாக ஆணியடித்த அலுமினியத் தகடு ஒன்று வந்திருக்கிறது. அன்னூருக்கு வடக்கே ஒரு கரட்டடியில் கோழிக்கூண்டுக்குக் கூரையாகக் கிடந்ததாம்.

கரடு என்றால் எங்கள் பக்கம் முள்ளும் பாறையுமாக நிற்கும் மொட்டைக் குன்று. பெரியம்மா அங்கே போய்க் கோழிக்கூண்டுக்காரரைப் பிடித்துவிட்டார். அவர் அப்பா காலத்தில் கரட்டின் மேலே தகரங்கள் கிடந்தனவாம். சண்டைக் காலத்தில் போலீசிடம் போய்ச் சொன்னால் சொன்னவனைத்தான் பிடித்து உட்கார வைப்பார்கள் என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. மேலே முனி இருக்கிறது என்று வேறு ஆட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார்கள்.

"வானூர்தி அங்கதானுங்க உழுந்திருக்குது. அதுல அவரு இருந்தாரா இல்லீங்களான்னு எனக்குத் தெரியோணும். அத்தனதானுங்க" என்றார்.

என் கணவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார். "பெரீம்மா, கெடச்சுருச்சுன்னா தாலியக் கழட்டச் சொல்லுவாங்க. யோசிச்சுப் போட்டுத்தான் வந்தீங்களா?"

"அத நாம் பாத்துக்கறனுங்க தம்பி. நீங்க நாயக் கூட்டிட்டு வாங்க."

காவல் நிலையத்துக்கும் கிராம அதிகாரிக்கும் எழுதிக் கொடுத்து, ஒரு போலீஸ்காரர் கூட இருக்க வேண்டும் என்று ஏற்பாடாகி, ஒரு நாளும் குறித்தோம். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. அன்றைக்கு என் கணவர் சிரிக்கவில்லை.

ஜீப் கரட்டடியில் நின்றதும் அவர் முகம் மாறிவிட்டது. கரட்டின் சரிவில் புகை எழுந்துகொண்டிருந்தது. வரப்போவது ஒரம்பரை, அதாவது விருந்தாளி; ஒரம்பரை வருகிற இடம் குப்பையாக இருக்கலாமா? பெரியம்மா முதல் நாளே ஆள் வைத்து முள்ளை வெட்டி, கூட்டிப் பெருக்கி, குப்பையைக் கொளுத்தி, தகரம் கிடந்ததாகச் சொன்ன இடம் பூராவும் சாணி தெளித்திருந்தார். போதாததற்கு மஞ்சள் தண்ணீர். போதாததற்கு மூன்று சட்டியில் சாம்பிராணி. கற்பூரம் வேறு கட்டி கட்டியாக எரிந்துகொண்டிருந்தது.

"ஆருங்க இதையெல்லாம் செஞ்சது?" என்றார் என் கணவர் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசினால் நான் பத்தடி தள்ளி நிற்பேன்.

"நாந்தானுங்க தம்பி. நாயிங்க நடக்கறதுக்கு முள்ளு குத்தக்கூடாதுல்லீங்க" என்றார் பெரியம்மா பெருமையாக.

நாய்களுக்கு ஆரத்தி எடுக்க ஒரு பெண் தட்டோடு வந்தாள். எல்லாவற்றையும் ஓடியாடிச் செய்த பெரியம்மா அப்போது மட்டும் ஒதுங்கி நின்றுகொண்டார். ஏன் என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டேன். புருஷன் விட்டுவிட்டுப் போன வாழாவெட்டி ஆரத்தித் தட்டைத் தொடக் கூடாதாம். கழுத்தில் தாலி இருந்தும் ஐம்பது வருஷமாக ஒரு விசேஷத்திலும் அவரைத் தொட விட்டதில்லையாம். எனக்கு வந்த கோபத்தில் தட்டைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்திருப்பேன். என் கணவர் கண்ணைக் காட்டி அடக்கினார்.

ஆரத்தி முடிந்ததும் பந்தி. அரிசியும் பருப்பும் போட்டு வடித்த சோறு, மேலே நெய், கூடவே கோழிக்குழம்பு. வேலைக்கு முன்னால் நாய்கள் சாப்பிடக் கூடாது என்று என் கணவர் தொண்டை கிழியச் சொன்னார். வெறும் வயிற்றோடு ஒரு ஜீவனை வேலைக்கு அனுப்புவது அந்த ஊர் வழக்கத்தில் இல்லை. அவர் போலீஸ்காரரிடம் பேசத் திரும்பிய நேரத்தில் இரண்டு நாய்களும் ஆளுக்கொரு இலையை நக்கி முடித்திருந்தன. "இன்னுங் கொஞ்சம் போடட்டுங்களா கண்ணு?" என்று பெரியம்மா மகள் நாயைக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் நாய்க்கும் மரியாதை குறையாது.

தாய் நாயை மேலே கூட்டிப் போனோம். சாம்பிராணி மூக்கில் ஏறி, தும்மல், அடுக்கடுக்காகத் தும்மல். சரிவு முழுக்கச் சாணியும் கற்பூரமும் கரிந்த முள்ளும் நாறும்போது ஐம்பது வருஷத்து எலும்பின் வாசனை எங்கே கிடைக்கும்? மகள் அதைவிட மோசம். ஒரு பாறை நிழலில் போய்ப் படுத்துத் தூங்கிவிட்டாள். உட்கார்ந்திருக்கிறாளா, படுத்திருக்கிறாளா என்று போலீஸ்காரர் ஒருமுறை உற்றுப் பார்த்தார். குறட்டை கேட்டது.

பெரியம்மாவின் தம்பி குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். அவர் அதற்காகத்தான் வந்திருந்தார். "நாயிக்கே தெரிஞ்சு போச்சுங்க. இருந்தாத்தானே கெடைக்கும்? ஆளு கொழும்புல பேரன் பேத்தியோட இருக்கறான்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பெரியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அழவில்லை. சாம்பிராணிச் சட்டிகளை ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றி அணைத்தார். ஜீப்பில் திரும்பும்போது என் கணவரை உலுக்கிவிட்டேன். "இன்னொருக்காப் போவோணுங்க. இல்லீன்னா அந்தக் கயித்த நான் தொட மாட்டேன்."

"மழ பேயட்டும்" என்றார் அவர். மழை நனைத்து, வெயில் காய்ந்தால் மண்ணுக்குள் இருக்கும் வாசனை மேலே ஏறுமாம். சாணியும் சாம்பலும் கழுவிக்கொண்டு போய்விடும்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டியது. இடையில் ஊர்ப் பேச்சு பெரியம்மாவைத்தான் பிடுங்கித் தின்றது. நாய் வந்தும் கிடைக்காதவன் எப்படிச் செத்திருப்பான் என்று சந்தைக்கு வந்தவர்கள் எங்கள் ஊர் வரைக்கும் பேசினார்கள். முன்னே சந்தேகமாக இருந்தது இப்போது தீர்ப்பாகிவிட்டது. இந்த முறையும் கிடைக்காவிட்டால் அவர் அந்த ஊரில் தலைகாட்ட முடியாது. என் கணவர் அவரிடம் மூன்று சத்தியம் வாங்கினார்: யாருக்கும் சொல்லக் கூடாது, கரட்டில் காலை வைக்கக் கூடாது, சோறு கிடையவே கிடையாது. முதல் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார். மூன்றாவதுக்குத்தான் யோசித்தார்.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில் போனோம். போலீஸ்காரர், கோழிக்கூண்டுக்காரர், பெரியம்மா, எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிட்ட தம்பி, அவ்வளவுதான். நானும் மகள் நாயும் ஜீப்பின் மறுபக்கம் கரட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டோம். என் கணவர் தாயைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் இருவரும் சேர்ந்தாற்போல் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

மகள் முன்னே இழுத்துக்கொண்டு போனாள். நான் மூச்சிரைக்கப் பின்னால் ஏறினேன். காற்று வரும் பக்கம் மூக்கைத் தூக்குவாள், நிற்பாள், திரும்புவாள். கரட்டின் உச்சிக்குக் கீழே ஒரு பெரிய பாறை வெடிப்பின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தாள். திரும்பிப் பார்த்தேன். என் கணவர் கையை உயர்த்தினார். தாயும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள் என்று அர்த்தம்.

தட்டிக் கொடுத்துக் கீழே இறங்கலாம் என்று கயிற்றைச் சுருட்டினேன். மகள் வரவில்லை. சரிவில் குறுக்கே இழுத்தாள். மழைத்தண்ணீர் ஓடி அறுத்த பள்ளத்தைத் தாண்டி, ஒரு வெள்வேல மரத்தடிக்குப் போய் மறுபடி உட்கார்ந்தாள். அங்கே தாய் போகவே இல்லை. தூக்கத்துக்கு இடம் பார்க்கிறாளோ என்று எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. நான் கயிற்றைத் தளர்த்தியும் அவள் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கீழே கூட்டிப் போய்விட்டு, தாயைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து கயிறில்லாமல் விட்டுப் பார்த்தார் என் கணவர். தாய் நேராக வெள்வேல மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தாள்.

பாறை வெடிப்பில் போலீஸ்காரர் முன்னிலையில் மெதுவாக மண்ணைத் தள்ளியபோது எலும்புகளும், நசுங்கிய தகரமும், பூட்ஸின் அடிப்பாகமும் வந்தன. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "இது அந்தத் தொரையா இருக்கும். ஒருத்தருதான் போனாருன்னு அப்பவே எழுதி வெச்சிருக்குதுல்லீங்க" என்றார். பெரியம்மா வெடிப்பைப் பார்க்கவில்லை. அவர் கண் வெள்வேல மரத்திலேயே இருந்தது.

மரத்தடியில் தோண்டினார்கள். இரண்டு சாண் ஆழத்தில் எலும்பு. என் கணவர் பூச்சு வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கரண்டியால் மண்ணை வழித்துக்கொண்டே வந்தவர், இடுப்பு எலும்புக்குப் பக்கத்தில் நிறுத்தினார். கறுத்துப்போன ஒரு கொடி கிடந்தது. விரலால் தேய்த்தார். வெள்ளி.

அரணாக்கொடி. எங்கள் பக்கம் ஆண்பிள்ளை இடுப்பில் அது இல்லாமல் இருக்காது. எந்த வெள்ளைக்காரத் துரையும் அதைக் கட்டிக்கொண்டு விமானம் ஓட்டியிருக்க மாட்டார். போலீஸ்காரருக்குக்கூட அதை விளக்க வேண்டியிருக்கவில்லை, தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

தம்பி தோண்டிய குழிக்குள் இறங்கிக் குனிந்தார். கொடியின் பூட்டை வெகு நேரம் பார்த்தார். குடை கையிலிருந்து நழுவியதை அவர் கவனிக்கவில்லை. அக்காவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குப் போட அவருடைய அப்பா செய்த கொடி அது. ஆசாரியிடம் அப்பாவோடு போய், மொட்டு வைத்த பூட்டுத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததே இவர்தானாம்.

"மச்சாந்தானுங்க" என்றார்.

பெரியம்மா குழியின் விளிம்பில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தார். "ஏறித்தான் போயிருக்கறாரு" என்றார். பிறகு மகள் நாயிடம் போய் அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பீங்க கண்ணு" என்றார். முந்தானைக்குள்ளிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே பணியாரம். மூன்றாவது சத்தியத்தை அவர் காப்பாற்றவில்லை. என் கணவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் நானும் ஒன்று வாங்கித் தின்றேன்.

எலும்புகளைப் பரிசோதனைக்குக் கோயமுத்தூருக்கு எடுத்துப் போனார்கள். இரண்டு ஆண்கள் என்று எழுதித் தந்தார்கள். விமானியை அவர் நாட்டுக்காரர்களிடம் ஒப்படைக்க ஏற்பாடாயிற்று. மற்றவர் ஒரு சின்ன மரப்பெட்டியில் தன் வீட்டுக்கு வந்தார். நாங்கள் இருவரும் போயிருந்தோம். நாய்களையும் கூட்டி வரச் சொல்லிப் பெரியம்மா கண்டிப்பாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

செத்தவரின் பெண்டாட்டிக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வர வேண்டும். கொண்டு வர வேண்டியவர் கூடப்பிறந்தவர். தம்பி வெள்ளைச் சேலையை மடியில் மறைத்த மாதிரி வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். உள்ளே வர அவருக்குக் கால் எழவில்லை. பெண்கள் ஒப்பாரிக்குத் தயாராகப் பெரியம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி அவர் கழுத்தை நோக்கிக் கையை நீட்டினாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மழைக்குக் காத்திருந்து, கரடு ஏறி, அந்த மனிதரைத் தேடி எடுத்துக் கொடுத்தது இந்தக் கழுத்தை மொட்டையாக்கத்தானா? கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தேன்.

"வேண்டாங்க பெரீம்மா. கழட்டாதீங்க. இந்தக் காலத்துல ஆரும் கேக்க மாட்டாங்க."

அவர் என் கையை மெதுவாக விலக்கினார். முகத்தில் துக்கம் இல்லை. சிரிக்கவே செய்தார்.

"சித்த சும்மா இருங்க அம்மணி. இது கழுத்துல கெடந்த வரைக்கும் என்னைய வாழாவெட்டின்னாங்க. இதக் கழட்டுனாத்தான் நான் அவரு பொண்டாட்டி."

யாரையும் தொட விடவில்லை. தாலிக்கொடியைத் தலைவழியாகத் தானே உருவி எடுத்து மரப்பெட்டிக்குள், அரணாக்கொடிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். தம்பி வந்து சேலையைக் கொடுத்துவிட்டு, அத்தனை பேருக்கு முன்னால் அக்காவின் காலடியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நானும் அழுதேன். அவர் மட்டும் அழவில்லை.

"எந்திரிடா. உன்ற மச்சான் ஊட்டுக்கு வந்துட்டாரு. இத்தன சனம் வந்திருக்குது, ஒலையில அரிசி போட்டாச்சான்னு போயிப் பாரு" என்றார்.

தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையல் நடக்கும் பக்கம் போனார்.